நிலவுக்கு வழி சொன்னது கதையே!

(பட்டிமன்றத் தலைப்பு: மனிதனை நிலவுக்கு அழைத்துச் சென்றது கதையா? கணக்கா?)



முதலிலேயே ஒரு உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன், நடுவர் அவர்களே. நான் பார்க்கிற உத்தியோகம் கணக்கு டீச்சர் உத்தியோகம். (சிரிப்பு) கிளம்பும்போதே எங்க வீட்டுக்காரர் கேட்டார். "உனக்குச் சோறு போடுறது கணக்கு. நீ கதைக்காகப் பேசப் போறியே, நியாயமா?" நான் சொன்னேன்: "சோறு போடுறது கணக்குதாங்க. ஆனா சின்ன வயசுலே அந்தச் சோத்தைத் தொண்டைக்குள்ளே இறக்கினது கதைதானே? நிலாவைக் காட்டி, அங்கே ஒரு பாட்டி வடை சுடுறான்னு சொல்லித்தானே எங்கம்மா ஊட்டினாங்க. நிலா 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்குன்னு கணக்குச் சொல்லியிருந்தா, ஒரு வாய் இறங்கியிருக்குமா?" (கைதட்டல்)

எதிரணித் தலைவர் ரொம்ப ஆணித்தரமாகப் பேசினார். "பிரெஞ்சுக்காரர் ஜூல்ஸ் வெர்ன் 1865-லே ஒரு நாவல் எழுதினார். மூணு பேரைக் குண்டுக்குள்ளே உட்கார வச்சு, பீரங்கியிலே நிலவுக்குச் சுட்டார். அப்படிச் சுட்டா மனுஷன் உயிரோட இருப்பானா? இதுவா வழிகாட்டி?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இருக்க மாட்டான். நானே கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அந்தப் பீரங்கியின் நீளம் 900 அடி. அந்த 900 அடிக்குள்ளே குண்டு நொடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகம் எடுக்க வேண்டும். அப்படியானால் உள்ளே இருக்கிறவர் மேல் விழுகிற அழுத்தம் அவருடைய எடையைப்போல 22,000 மடங்குக்கு மேல்! 60 கிலோ ஆள் 1,300 டன் ஆகிவிடுவார். வெர்ன் பாவம், அதிர்ச்சியைத் தாங்கட்டும் என்று தரைக்கு அடியிலே தண்ணீர் மெத்தையெல்லாம் போட்டு வைத்தார். 1,300 டன்னை எந்த மெத்தை தாங்கும்? தோசை கூட அதைவிடக் கனமாக இருக்கும், நடுவர் அவர்களே. (சிரிப்பு)

சரி, தப்புதான். ஆனால் அந்தத் தப்பை முதலில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? திரான்சில்வேனியாவில் வளர்ந்த ஹெர்மன் ஓபெர்த் என்ற சிறுவன். பதினோரு வயது வாக்கிலே அம்மா வெர்னின் நாவலை வாங்கிக் கொடுக்கிறார். மனப்பாடம் ஆகிற அளவுக்குப் படிக்கிறான். படித்துவிட்டு, "இது நிஜமா நடக்குமா?" என்று கணக்குப் போட உட்காருகிறான். பீரங்கி ஆகாது, ஆளைக் கொன்றுவிடும், ராக்கெட்தான் சரி என்ற முடிவுக்கு வருகிறான். வளர்ந்து பெரியவனாகி அதையே ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார். பட்டம் கிடைக்கவில்லை. அசரவில்லை. 1923-லே புத்தகமாகப் போட்டார். கோள்களுக்கு ராக்கெட் விடுவது பற்றிய அந்தப் புத்தகம்தான் ஜெர்மனியிலே பல இளைஞர்களைக் கிறுக்காக்கியது.

இப்போது கேட்கிறேன். அந்தப் பிள்ளையைக் கணக்குப் போட உட்கார வைத்தது எது? வாத்தியாரின் பிரம்பா? பரீட்சையா? ஒரு கதை! கதை தப்பாகச் சொன்னதால்தான் கணக்கு சரியாக வந்தது. கதை வாசலைத் தட்டியது, கணக்கு கதவைத் திறந்தது. தட்டாத கதவை யார் திறப்பார்கள்? (கைதட்டல்)

இன்னொருவரைச் சொல்கிறேன். இவர் எங்கள் இனம். கணக்கு வாத்தியார். ரஷ்யாவின் கலூகா என்ற ஊரிலே பாடம் நடத்திய கான்ஸ்டன்டின் ட்சியோல்கோவ்ஸ்கி. சின்ன வயதிலே ஒரு விஷக் காய்ச்சல் வந்து காது ஏறக்குறைய கேட்காமல் போய்விட்டது. பள்ளிக்கூடம் நின்றுபோனது. நூலகத்திலே உட்கார்ந்து தானாகவே படித்தார். ராக்கெட் எவ்வளவு எரிபொருளை எரித்தால் எவ்வளவு வேகம் எடுக்கும் என்ற கணக்கை உலகத்துக்குத் தந்து, 1903-லே விண்வெளிப் பயணத்தைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டவர் அவர்தான். உடனே எதிரணி கைதட்டும், "பார்த்தீங்களா, கணக்கு!" என்று. கொஞ்சம் பொறுங்கள். அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்னாலே, 1893-லே, அவர் என்ன வெளியிட்டார் தெரியுமா? 'நிலவின் மேல்' என்று ஒரு கதை! விண்வெளி ஆசையின் விதையைத் தன் மனதிலே போட்டவர் ஜூல்ஸ் வெர்ன்தான் என்று அந்த மனிதரே சொல்லியிருக்கிறார். காது கேட்காத அந்தப் பிள்ளைக்குக் கதை மட்டும் கேட்டது, நடுவர் அவர்களே.

மூன்றாவது ஆள் அமெரிக்காவின் ராபர்ட் கோடார்ட். 1899 அக்டோபர் 19. வயது பதினேழு. எச்.ஜி. வெல்ஸ் எழுதிய செவ்வாய்க் கிரகக் கதையைப் படித்த மயக்கம் தீரவில்லை. காய்ந்த கிளையை வெட்டச் செர்ரி மரத்திலே ஏறுகிறான். மேலே நின்று, செவ்வாய் வரைக்கும் போகிற ஒரு இயந்திரத்தைக் கற்பனை செய்கிறான். இறங்கி வரும்போது வேறு ஆளாக இறங்கினான். ஆயுசு முழுக்க அந்த நாளை அவர் ஒரு திருநாள் மாதிரி நினைத்து வந்தார். 1926 மார்ச் 16-லே, திரவ எரிபொருளில் ஓடுகிற உலகத்தின் முதல் ராக்கெட்டை விட்டார். எவ்வளவு உயரம் போனது? 41 அடி. எவ்வளவு நேரம்? இரண்டரை நொடி. நம்ம வீட்டுத் தீபாவளி ராக்கெட் இதைவிட உயரம் போகும். (சிரிப்பு)

1920-லேயே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அவரைக் கேலி செய்து தலையங்கம் எழுதிவிட்டது. காற்று இல்லாத இடத்திலே ராக்கெட் எதை உந்திக்கொண்டு போகும், பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லையே என்கிற தோரணையிலே. அந்தப் பத்திரிகை தன் தப்பை எப்போது திருத்திக்கொண்டது? 1969 ஜூலை 17-லே! அப்போலோ 11 நிலவுக்குப் பாதி வழியிலே போய்க்கொண்டிருக்கும்போது! கோடார்ட் 1945-லேயே காலமாகிவிட்டார். விஷயம் தெரிந்த மாதிரி பேசியவர்கள் சிரித்தார்கள். கதை படித்த பையன் போய்க்கொண்டே இருந்தான்.

வெர்ன் கதையையே இன்னொரு தடவை பாருங்கள். நிலவுக்கு எங்கிருந்து சுடுவது என்று அந்த நாவலிலே ஒரு சண்டை வரும். ஃப்ளோரிடாவா, டெக்சாசா என்று இரண்டு மாநிலமும் முட்டிக்கொள்ளும். கடைசியிலே ஃப்ளோரிடா ஜெயிக்கும். நூறு வருஷம் கழித்து நிஜத்திலே என்ன நடந்தது? ராக்கெட் கிளம்பினது ஃப்ளோரிடாவிலே. கட்டுப்பாட்டு அறை டெக்சாசிலே. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி சமாதானமாக முடிந்தது! (சிரிப்பு) கதையிலே மூன்று பேர் போகிறார்கள். இறங்காமல் நிலவைச் சுற்றிவிட்டு வந்து பசிபிக் கடலிலே விழுகிறார்கள். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் தூக்குகிறது. 1968 டிசம்பரிலே அப்போலோ 8. மூன்று பேர். ஃப்ளோரிடா. நிலவைச் சுற்றினார்கள். பசிபிக் கடல். கடற்படைக் கப்பல். இதையெல்லாம் வெர்ன் குருட்டாம்போக்கிலே எழுதவில்லை. கணக்குப் பேராசிரியராக இருந்த தன் உறவினரிடம் காட்டிச் சரிபார்த்துத்தான் எழுதினார். கதைதான் கணக்கைக் கூப்பிட்டு விருந்து வைத்தது. கணக்கு தானாக எந்தக் கதை வீட்டுக்கும் போகவில்லை.

நடுவர் அவர்களே, இதுவரை சிரித்தோம். இப்போது கொஞ்சம் கனமான விஷயம் சொல்ல வேண்டும்.

ஓபெர்த்தின் புத்தகத்தைப் படித்துக் கிறுக்கானவர்களிலே ஒருவர் வெர்னர் ஃபான் பிரவுன். பள்ளியிலே கணக்கு அவருக்கு வராது. நிலவு ஆசையிலே முட்டி மோதிக் கற்றுக்கொண்டார். அவர் தலைமையிலே ஹிட்லரின் ஜெர்மனி செய்ததுதான் வி-2 ராக்கெட். 1944 செப்டம்பரிலே அது லண்டன் மேல் விழ ஆரம்பித்தது. அந்த ராக்கெட்டைச் செய்ய மலைக்கு அடியிலே சுரங்கத் தொழிற்சாலை. அங்கே கைதிகளை அடிமைகளாக வேலை வாங்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பட்டினியிலும் நோயிலும் அடியிலும் செத்தார்கள். அதே மனிதர்தான் பின்னாலே அமெரிக்கா போய், அப்போலோவைத் தூக்கிய சாட்டர்ன் ராக்கெட்டையும் செய்தார். அங்கேயும் அதே கணக்கு, இங்கேயும் அதே கணக்கு. ராக்கெட் நிலவுக்குப் போகுதா, லண்டனுக்குப் போகுதான்னு கணக்கு கேட்காதுங்க. அந்தக் கேள்வியைக் கேட்பது கதை. (நீண்ட கைதட்டல்)

அப்படிக் கேட்ட ஒரு கதையைச் சொல்கிறேன். எச்.ஜி. வெல்ஸ் 1901-லே புத்தகமாக வெளியிட்ட நிலவுப் பயண நாவல். கேவர் என்று ஒரு அப்பாவி விஞ்ஞானி. பெட்ஃபோர்டு என்று கடனிலே மூழ்கின ஒரு வியாபாரி. புவியீர்ப்பையே மறைக்கிற ஒரு பொருளை விஞ்ஞானி கண்டுபிடிக்கிறார். கண்ணாடியும் எஃகும் சேர்த்துச் செய்த உருண்டைக்குள்ளே உட்கார்ந்து, அந்தப் பொருளால் செய்த திரைகளை ஏற்றி இறக்கி இரண்டு பேரும் நிலவுக்குப் போய்விடுகிறார்கள். வெர்னுக்கு இதைக் கேட்டுக் கோபம் வந்தது. "நானாவது வெடிமருந்து வச்சுப் போனேன், இவர் சொல்ற உலோகம் எங்கே, காட்டட்டும்" என்கிற மாதிரி பேட்டி கொடுத்தார். நம்ம பட்டிமன்றத்துக்கு முன்னாலேயே அவர்கள் பட்டிமன்றம் நடத்தியிருக்கிறார்கள்! (சிரிப்பு)

நிலவிலே என்ன பார்த்தார்கள்? நிலத்துக்கு அடியிலே பூச்சி மாதிரி உருவத்தோடு ஒரு கூட்டம் குடியிருக்கிறது. அங்கே தங்கம் சர்வ சாதாரணம். சங்கிலியே தங்கத்திலே. வியாபாரி தங்கத்தைப் பார்த்தான். விஞ்ஞானி அறிவைப் பார்த்தார். ஒரே நிலவுதான், பாருங்கள்! வியாபாரி தங்கக் கம்பியாலேயே அந்த உயிர்களை அடித்துக் கொன்று, தங்கத்தோடு பூமிக்கு ஓடி வந்துவிட்டான். விஞ்ஞானி அங்கேயே மாட்டிக்கொண்டார். அங்கிருந்து செய்தி அனுப்புகிறார். அந்த ஊரிலே குழந்தைகளை ஜாடிக்குள் அடைத்து, கையை மட்டும் வெளியே விட்டு வளர்க்கிறார்களாம். எதற்கு? பெரியதானதும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளக் கை மட்டும் போதுமே! வேலை இல்லாத தொழிலாளிக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்களாம். நம்ம பூமியிலே மட்டும் என்ன வாழுதாம் என்று வெல்ஸ் அங்கேயே குத்திக் காட்டுகிறார். கடைசியிலே அந்த ஊர் ராஜாவிடம், மனிதர்கள் எப்படிச் சண்டை போடுவார்கள் என்பதையும் வெகுளியாகச் சொல்லிவிடுகிறார் விஞ்ஞானி. அதோடு செய்தி நின்று போகிறது. நீங்கள் நிலவாக இருந்தால் இந்த ஜனங்களை மறுபடி வரவிடுவீர்களா?

வெல்ஸ் கணக்கிலே தப்பு. நிலவிலே காற்று இல்லை, பூச்சி மனிதர் இல்லை. ஆனால் கேள்வியிலே தப்பு இல்லை.

நடுவர் அவர்களே, கடைசியாக என் வீட்டுக் கதை. இல்லை, என் வகுப்புக் கதை. இங்கிலீஷிலே இப்போது ஒரு வகை நாவல் இருக்கிறது. 'ஸ்டீம்பங்க்' என்று பெயர். வெல்சின் கால இயந்திரக் கதையைத் தொட்டு ஒரு நாவல் எழுதிய கே.டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1987-லே விளையாட்டாக வைத்த பெயர். மின்சாரமும் கம்ப்யூட்டரும் வராமல், நீராவியும் பித்தளையும் பல்சக்கரமுமாகவே உலகம் முன்னேறியிருந்தால் எப்படி இருக்கும் என்கிற கற்பனை. பிள்ளைகளுக்கு ஏன் அது பிடிக்கிறது தெரியுமா? செல்போனுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பல்சக்கரம் சுற்றுவது தெரியும். நாமே செய்து பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கும்.

போன வருஷம் என் வகுப்பிலே ஒரு பையன். கணக்கிலே 38 மார்க். நான் பாடம் நடத்தும்போது ரஃப் நோட்டிலே என்னமோ எழுதிக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பார்த்தால், நாவல்! நிலவிலே ஒரு ஊர். அங்கே நீராவி ரயில். பாய்லரிலே கரி அள்ளிப் போடுகிற ஒரு பொண்ணுதான் கதாநாயகி. எனக்கு வந்ததே கோபம்! சிவப்பு மையாலே எழுதினேன்: 'நிலவில் காற்று இல்லை. நெருப்பு எரியாது. முட்டாள்தனம்.' எல்லார் முன்னாலேயும் படித்துக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தக் கேலித் தலையங்கம் எழுதியவரும் நானும் ஒன்றுதான்.

மறுநாள் அவனே வந்தான். "டீச்சர், நெருப்பு வேண்டாம். கண்ணாடி வச்சு வெயிலைக் குவிச்சா தண்ணி கொதிக்குமில்ல?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொதிக்கும்! நிலவின் நடுப்பகுதியிலே வெயில் நேரத்துச் சூடு 120 டிகிரி வரைக்கும் போகும். ராத்திரியிலே பூஜ்யத்துக்குக் கீழே 130. வெயிலிலே கொதிக்க வைத்து, நிழலிலே குளிர வைத்து, அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் நீராவி இயந்திரம் ஓடத்தான் செய்யும். அவனும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 38 மார்க் பையன் பின்னத்தையெல்லாம் தானாகவே கேட்டுக் கேட்டுப் போட்டான். நான் சொன்னேன், "அங்கே பகல் சுமார் 14 நாள், ராத்திரி சுமார் 14 நாள்டா. ராத்திரியிலே உன் இயந்திரம் நின்னுபோகுமே?"

அவன் யோசித்தான். "அப்போ காத்தைச் சுத்தம் பண்ற மெஷினும் நிக்கும். தொட்டியிலே காத்தைச் சேர்த்து வச்சிருக்கிறவங்க காசுக்கு விப்பாங்க, இல்ல டீச்சர்? காசு இல்லாதவங்க அந்த 14 நாள் என்ன பண்ணுவாங்க?"

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, இருபது வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன். என் பாடப் புத்தகத்திலே ஒரு பக்கத்திலும் அந்தக் கேள்வி இல்லை. காற்றுக்கே காசு கேட்கிற நிலவுக் குடியிருப்பை ராபர்ட் ஹைன்லைன் என்ற அமெரிக்கர் 1966-லே நாவலிலே எழுதியிருக்கிறார் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். இந்தப் பையன் அதைப் படித்ததில்லை. தன் கதாநாயகிக்கு மூச்சு முட்டுமே என்ற கவலையிலே அவனே கண்டுபிடித்த கேள்வி அது.

இது வெறும் கற்பனை என்று எதிரணி ஒதுக்க வேண்டாம். 1969 முதல் 1972 வரை பன்னிரண்டு பேர் நிலவிலே நடந்தார்கள், திரும்பி வந்தார்கள். இனி போகிறவர்கள் தங்கப் போகிறோம் என்கிறார்கள். 2008-லே அனுப்பிய நம் சந்திரயான்-1 அங்கே நீர் மூலக்கூறு இருப்பதற்குச் சான்று தந்தது. 2023 ஆகஸ்ட் 23-லே சந்திரயான்-3 தென் துருவப் பக்கத்திலே போய் இறங்கியது. நிலவை எந்த நாடும் சொந்தம் கொண்டாடக்கூடாது என்று 1967-லே ஒப்பந்தம் இருக்கிறது. நிலவு யாருக்கும் சொந்தமில்லை, சரி. அந்தத் தண்ணீர்? அங்கே செய்கிற காற்று? வெல்ஸ் கதையிலே தங்கத்தைப் பார்த்தவன் போகப் போகிறானா, அறிவைப் பார்த்தவர் போகப் போகிறாரா? எப்படிப் போவது என்று கணக்கு சொல்லிவிட்டது. போய் எப்படி வாழ்வது என்று இப்போதே நம்ம பிள்ளைகள் கதையாக யோசிக்காவிட்டால், நாளைக்கு யாரோ ஒருவர் கணக்காக மட்டும் யோசித்துவிடுவார். (கைதட்டல்)

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கணக்கு அவருக்கும் பிடித்துப்போயிற்று! (சிரிப்பு) ஒரே நிமிஷம்.

அந்தப் பையன் இப்போது கணக்கிலே நூறு வாங்குகிறானா என்று கேட்பீர்கள். இல்லை. இன்னும் அறுபதைத் தாண்டவில்லை. ஆனால் நான் நோட்டிலே சிவப்பு மையாலே எழுதினதை அடித்துவிட்டு, பக்கத்திலே என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்: 'அடுத்த அத்தியாயம் எப்போது?' பெற்றோர்களே, பாடப் புத்தகத்துக்குள்ளே உங்கள் பிள்ளை ஒரு கதைப் புத்தகத்தை ஒளித்து வைத்திருந்தால் பிடுங்காதீர்கள். ஒரு பக்கமாவது கூட உட்கார்ந்து படியுங்கள். அந்தச் சிறுவன் ஓபெர்த்தின் கையிலிருந்து அவன் அம்மா புத்தகத்தைப் பிடுங்கவில்லை. வாங்கிக் கொடுத்தாள்.

கணக்கு ராக்கெட்டைத் தூக்கியது. அந்தக் கணக்கைத் தூக்கியது கதை. ஆகவே மனிதனை நிலவுக்கு அழைத்துச் சென்றது கதையே, இனிமேல் அங்கே மனிதனாக இருக்கச் சொல்லித் தரப்போவதும் கதையே என்று, கணக்கு டீச்சராகிய நானே தீர்ப்புக் கேட்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)